அசெம்பிள் செய்த புதுக் கணினி அடிக்கடி ஹேங் ஆனால்

திருநகரில் வசிக்கும் என் பெரியம்மா மகன், கட்டடக்கலை படிக்கும் தன் பையனுக்காகச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு கணினியை வீட்டிலேயே அசெம்பிள் செய்து கொடுத்தார். பாகங்களில் சில மதுரைக் கடைகளில் வாங்கியவை. சில சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் மாட்டுத்தாவணிக்கு வந்து இறங்கியவை. ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, தலா 8 ஜிபி கொண்ட இரண்டு டி.டி.ஆர்.4 ரேம், நடுத்தர விலையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு என்று, அந்தப் பணத்துக்குக் குறை சொல்ல முடியாத தேர்வுதான். முதல் வாரம் ஒழுங்காக ஓடிய கணினி, இரண்டாம் வாரத்திலிருந்து பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, திரையில் இருப்பது இருந்தபடியே உறைந்து நின்றுவிடத் தொடங்கியது. நான் போய்ப் பார்ப்பதற்குள் விண்டோஸை மூன்று முறை புதிதாக ஏற்றியிருந்தார்கள். தெர்மல் பேஸ்ட்டை இரண்டு முறை துடைத்துப் பூசியிருந்தார்கள். இன்னும் பெரிய எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) ஒன்றுக்கு விலையும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாமே செய்யத்தக்க வேலைகள்தாம். எதைச் செய்ததால் என்ன மாறியது என்று கேட்டால் மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஹேங் ஆகும்போதும் தேதி, மணி, அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, கணினியைப் போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, இடையில் கரண்ட் போய் வந்ததா என்பவற்றை எழுதுங்கள். அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் நீங்கள் செய்யும் மாற்றங்களையும், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று என்ற கட்டுப்பாட்டோடு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஐந்தாறு பதிவுகள் சேர்ந்ததும் ஒரு திசை தெரிய ஆரம்பிக்கும். விளையாட்டு, வீடியோ ரெண்டரிங் போன்ற கனமான வேலையின்போது மட்டும் நின்றால் மின்சாரம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் மேல் முதல் சந்தேகம் விழ வேண்டும். சும்மா விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போன நேரத்தில் நின்றால் பயாஸில் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) உள்ள மின்சேமிப்பு அமைப்புகளையும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யையும் பார்க்க வேண்டும். ஓர் ஒழுங்கும் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் நின்றால், என் அனுபவத்தில், பத்துக்கு ஆறு முறை ரேம்தான்.

நின்றுவிட்ட அந்த நிமிடம் மிக மதிப்பு வாய்ந்தது; அதைப் பவர் பட்டனை அழுத்தி வீணாக்கிவிடக் கூடாது. முதலில் விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே விண்டோஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். விளக்கு மாறுகிறது, மவுஸ் அம்பும் நகர்கிறது, ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கமும் உருள்கிறது, ஆனால் புதிதாக எதைச் சொடுக்கினாலும் திறக்காமல் ஒரு நிமிடம் கழித்து எல்லாம் ஒரே மூச்சில் திறக்கிறது என்றால், சேமிப்பகம் பதில் சொல்லத் தாமதிக்கிறது. படம் மட்டும் நின்றுவிட்டுப் பாட்டு தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோ விழுந்திருக்கிறது. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளையும் பிடித்துக்கொண்டு பி (B) என்ற எழுத்தை அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், திரை ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுத் திரும்பவும் கூடும். விளக்கும் மாறாமல், பாடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே எழுத்தில் சிக்கி ‘ட்ர்ர்ர்’ என்று இழுக்க ஆரம்பித்தால், அது முழு உறைவு. ரேம், பிராசசர், மதர்போர்டு, மின்சாரம் ஆகிய நான்கில் ஒன்றை நோக்கியே பெரும்பாலும் அது கை காட்டும். திருநகர்ப் பையனின் நோட்டில் ஆறு பதிவுகளில் ஐந்து இந்த வகையாக இருந்தன.

கணினி மறுபடி எழுந்ததும் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால், நாள் வாரியாகச் சிவப்புக் குறிகளோடு ஒரு வரலாறு கிடைக்கும். இன்னும் ஆழமாகப் பார்க்க விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டவுடன் ‘பவர் என்று போட்டிருக்கிறதே’ என்று எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் கிளம்புகிறவர்கள் பலர். கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதையும் சொல்வதில்லை. நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதுதான் விழும். அதற்குச் சற்று முன்னால் விழுந்திருக்கும் பதிவுகளே பயன்படும். வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் 18 விழுந்திருந்தால் வன்பொருள் பிழை என்று பிராசசரே வாக்குமூலம் கொடுத்திருக்கிறது. 129 என்ற எண்ணோடு சேமிப்பகம் ரீசெட் செய்யப்பட்டதாக இருந்தால் எஸ்.எஸ்.டி. அல்லது அதன் இணைப்பு. டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர். எந்தப் பதிவுமே இல்லாமல் நேராக 41 மட்டும் இருந்தால், எழுதுவதற்குக்கூட அவகாசம் இல்லாமல் கணினி நின்றிருக்கிறது. மேலே சொன்ன முழு உறைவோடு அது ஒத்துப்போகும்.

இனிச் சுவரைப் பார்க்க வேண்டும். ஊர்ப்புறங்களில், குறிப்பாகப் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில், மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கிவிடுவது மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டு இன்வெர்ட்டரில் கணினியைப் போட்டிருப்பவர்கள் அதன் பின்புறச் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். தன்னிடமுள்ள மின்சாரத்தை வைத்து முழுச் சுமையில் சுமார் 16 மில்லி செகண்டுதான் தாக்குப்பிடிக்கும். நார்மல் நிலையில் உள்ள இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறிக்கொள்ள அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், கணினிக்கு யு.பி.எஸ். நிலைதான் ஏற்றது. பழைய சதுர அலை இன்வெர்ட்டர்களோடு இக்காலத்து எஸ்.எம்.பி.எஸ்.கள் ஒத்துப்போக மறுப்பதும் உண்டு. ஆனால் மின்சாரக் கோளாறு பெரும்பாலும் கணினியை அணைக்கும் அல்லது ரீஸ்டார்ட் ஆக வைக்கும். உறைய வைப்பது குறைவு. ஒரு வாரத்துக்கு இன்வெர்ட்டரையும் ஸ்பைக் பஸ்டரையும் விலக்கிவிட்டு, மூன்று முள் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பார்த்தால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. திருநகர் வீட்டில் கேபினட்டின் பின்தகட்டில் என் புறங்கை பட்டபோது சுரீரென்றது. எர்த் கிடைக்காத சாக்கெட்டில் செருகிய எஸ்.எம்.பி.எஸ்., தனக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகளின் வழியே வீட்டு மின்னழுத்தத்தின் ஏறக்குறைய பாதியைத் தகட்டின் மேல் கசியவிடும். அளவு மிகச் சிறியது என்பதால் சுரீரோடு போகிறது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னோம். சரியான சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறதோ, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறத்தாழ அவ்வளவே காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே எர்த் முள்ளில் மீட்டர் எந்தக் கணக்குக்கும் வராமல் ஆடியது. கொல்லையில் துவைகல்லுக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி சித்திரை வெயிலில் பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. கம்பி கிளாம்ப்போடு சேரும் இடத்தில் பச்சை பூத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. புதுக் கம்பி போட்டு, குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றியதும் சுரீர் நின்றுபோயிற்று. பழக்கமில்லாதவர்கள் சாக்கெட்டில் மீட்டரைச் செருகிப் பார்க்க வேண்டாம்; எலெக்ட்ரீஷியனுக்கு இது அரை மணி நேர வேலை.

“இனிமே நிக்காதுல்ல சித்தப்பா?” என்று பையன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சனி, ஞாயிறு, திங்கள் ஒழுங்காக ஓடியது. செவ்வாய் இரவு 9.20க்குப் பாட்டு ‘ட்ர்ர்ர்’ என்று இழுத்தது. எர்த்தைச் சரிசெய்தது உயிருக்குச் செய்த நல்ல காரியம். ஹேங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தானாக வந்து தானாகப் போகும் கோளாறில், இரண்டு நாள் அமைதியை வைத்துத் தீர்ந்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. இதுவரை இரண்டு ஹேங்குகளுக்கு நடுவே இருந்த மிக நீண்ட இடைவெளி எவ்வளவோ, அதைப்போல் மூன்று மடங்கு காத்திருந்த பிறகே சரியாயிற்று என்று எழுத வேண்டும் என்பதை அன்றைக்கு அந்த நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்தேன்.

அடுத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமுள்ள மின்சாரத்தை வடித்துவிட்டுக் கேபினட்டைத் திறக்கலாம். 24 முள் கேபிளும் பிராசசருக்கான 8 முள் கேபிளும் கொக்கி விழும்வரை உள்ளே போயிருக்கின்றனவா, கிராபிக்ஸ் கார்டு ஒரு பக்கம் தொங்காமல் அமர்ந்திருக்கிறதா, எம்.2 எஸ்.எஸ்.டி.யின் திருகு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டுக்கு அடியில் துளைக்கு நேரே இல்லாத பித்தளைக் கால் ஒன்று கூடுதலாக நின்றுகொண்டு பலகையை ஷார்ட் செய்வதும் வீட்டில் அசெம்பிள் செய்யும்போது நடக்கிற தவறுதான். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தவர்களை நான் இதுவரை மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்பவர்கள் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிளை, செருகப் பொருந்துகிறதே என்பதற்காக மாட்டவே கூடாது. உள்ளே வரிசை மாறியிருந்தால் பாகங்கள் எரிந்துபோகும்.

சூட்டைப் பற்றி ஒரே வார்த்தை. மதுரை வெயிலைக் காட்டி எல்லாரும் முதலில் சொல்லும் காரணம் அதுதான். நான் கடைசியில் பார்ப்பதும் அதைத்தான். இக்காலத்துப் பிராசசர்கள் வரம்பைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் தாங்காவிட்டால் அணைந்துவிடும். உறைந்து நிற்பது அரிது. எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச நிரலைப் பின்னணியில் ஓடவிட்டு, பதிவுக் கோப்பில் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே பிராசசர் 70, 80 டிகிரியில் இருந்திருந்தால் கூலரை நிம்மதியாக விட்டுவிடலாம். ரைசன் 7000 வரிசை 95 டிகிரியில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி ரேம். ரேம் பெட்டியின் மேல் 3600 என்று அச்சிட்டிருப்பதை அதன் பிறவி வேகம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பொதுத் தரம் வகுத்த வேகத்தில், அதாவது 2133, 2666 போன்ற ஒன்றில், 1.2 வோல்ட்டில்தான் அந்த டி.டி.ஆர்.4 ரேம் முதலில் எழும். பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வேக அமைப்பை இயக்கும்போது அது 1.35 வோல்ட்டுக்கும் 3600க்கும் தாவுகிறது. ஏறக்குறைய ஓவர்கிளாக், அதாவது தர வேகத்தை மீறி ஓட்டுவது, என்றே இதைக் கொள்ள வேண்டும். ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் உச்சம் 3200. அதற்கு மேல் ஓடுவது பெரும்பாலும் நடக்கும், ஆனால் யாரும் அதற்கு உறுதி தரவில்லை. ஆகவே முதல் சோதனை காசு செலவில்லாதது: எக்ஸ்.எம்.பி.யை அணைத்துவிட்டுச் சில நாள் ஓட்டுவது. டி.டி.ஆர்.5 வைத்திருப்பவர்களுக்கும், எக்ஸ்.எம்.பி.க்குப் பதில் எக்ஸ்போ என்ற பெயர் உள்ள பலகைகளுக்கும் இதுவே வழி; அங்கே ரேமை மாற்றிய பின் முதல்முறை எழும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே நிற்கும், அதையும் ஹேங் என்று எண்ணி அணைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ரேம் எந்தத் துளையில் இருக்கிறது என்பது. நான்கு துளை உள்ள பலகைகளில் இரண்டு ரேம் மட்டும் போடும்போது, பிராசசரிலிருந்து எண்ணினால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். உங்கள் பலகையின் கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். மூன்றாவது, மெம்டெஸ்ட்86 என்ற நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்பிச் சோதிப்பது. விண்டோஸே எழாமல் நேரடியாக ரேமை எழுதிப் படித்துப் பார்க்கும் இந்தச் சோதனையை நான்கு சுற்றாவது ஓடவிட வேண்டும். 16 ஜிபி என்றால் பல மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் போட்டுவிட்டுப் படுப்பது நல்லது. அன்றைய செய்தித்தாளில் உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் தோல்விதான். ஆயிரம் கோடியில் ஒன்றுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இங்கே இடமில்லை.

திருநகரில் 3600இல் இரண்டு ரேமையும் வைத்து ஓட்டியபோது நாற்பதாவது நிமிடத்தில் சிவப்பு வரிகள் இறங்கத் தொடங்கின. எக்ஸ்.எம்.பி.யை அணைத்து விடிய விடிய ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை. பிறகு இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் 3600இல் ஓட்டினோம், தேறியது. மாற்றிப் போட்டு ஓட்டினோம், அதுவும் தேறியது. சிபியு-இசட் நிரலில் ரேமின் விவரங்கள் உள்ள எஸ்.பி.டி. பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கிற்று: பெட்டியின் மேல் ஒரே நிறுவனம், ஒரே வேகம் என்றாலும், உள்ளே இருக்கும் சில்லுகளைச் செய்தவர் வேறு, செய்த வாரமும் வேறு; தனித்தனியே தேறினாலும் இரண்டும் சேர்ந்து 3600இல் ஒத்துப்போகவில்லை. ஒன்று பார்சலில் வந்தது, மற்றது ஒரு மாதம் கழித்து மதுரையில் வாங்கியது.

உங்கள் ரேம் எல்லாச் சுற்றிலும் தேறிவிட்டது என்றால் மற்ற சந்தேகங்களுக்குப் போகலாம். எஸ்.எஸ்.டி.யின் நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். அது நன்றாக இருந்தும் தாமத வகை ஹேங் வருகிறது என்றால், பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிரிவில் உள்ள லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் என்பதை ஆஃப் செய்து பார்த்து, எஸ்.எஸ்.டி. நிறுவனத்தின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் (அதன் உள்நிரல்) இருக்கிறதா என்றும் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் மேல் சந்தேகம் என்றால், பழைய டிரைவரை டிடியு என்ற நிரலால் அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். இரண்டு மின் இணைப்பு கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரண்டு வால்களைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது எல்லாவற்றையும்விடத் தெளிவான சோதனை. எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், 5600 போன்ற ரைசன்களிலும் அந்த வசதி கிடையாது.

சில கோளாறுகளுக்குப் பயாஸ் புதுப்பிப்பு ஒன்றுதான் மருந்து. ரைசன் கணினிகள் எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி இயங்கும்போது சில விநாடிகள் திக்கி நின்ற கோளாறை 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மே முதல் பயாஸ் வழியாகத் தீர்வு வரத் தொடங்கியது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை, மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. அதற்கு 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடையும் (பிராசசரின் உள்நிரல்) பின்னர் 0எக்ஸ்12பி என்பதையும் வெளியிட்ட இன்டெல், உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பழுதுபட்ட பிராசசரை மைக்ரோகோடு குணப்படுத்தாது. மாற்றித்தான் வாங்க வேண்டும். சும்மா இருக்கும்போது மட்டும் நிற்கும் ரைசன் என்றால் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்பதை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றிப் பாருங்கள். புதுப்பிப்பை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவிலிருந்து, யு.பி.எஸ்.ஸில் கணினியை வைத்துச் செய்யுங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும் மாலை அதற்கு உகந்த நேரம் அல்ல.

எதிலும் பிடிபடாவிட்டால் கேபினட்டிலிருந்து மதர்போர்டையே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், ஒரு எஸ்.எஸ்.டி., படத்துக்குத் தேவையென்றால் கிராபிக்ஸ் கார்டு என்ற அளவில் ஓட்டுங்கள். அப்படியும் நின்றால் மிஞ்சுவது பலகை, பிராசசர், எஸ்.எம்.பி.எஸ். மூன்றே, இவற்றுள் நண்பரிடம் இரண்டு நாளுக்கு இரவல் கிடைக்கக்கூடியது எஸ்.எம்.பி.எஸ். என்பதால் அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது ஜிஎஸ்டி பில்லும், பிழை காட்டிய திரையின் புகைப்படமும், அந்த நோட்டும் கையில் இருக்கட்டும். ‘சும்மா சும்மா நிக்குதுண்ணே’ என்று சொன்னால் கடைக்காரரும் விண்டோஸை ஒருமுறை ஏற்றித்தான் கொடுப்பார். எங்கள் விஷயத்தில் கடைக்காரர் இரண்டு ரேமையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் பாஸாகுது, இதுல எதைண்ணே நான் மாத்தித் தர்றது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே பெட்டியில் ஜோடியாகச் சோதித்து விற்கும் ரேமை முதலிலேயே வாங்கியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. இரண்டையும் விற்றுவிட்டு ஜோடி வாங்குவதற்கு ஆகும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வேகத்தை மட்டும் பயாஸில் 3200க்கு இறக்கி, மின்னழுத்தத்தை 1.35இலேயே விட்டோம். மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடி நான்கு சுற்றிலும் தேறியது. பையன் வரையும் வரைபடங்களில் 3600க்கும் 3200க்கும் அவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. நோட்டின் மிக நீண்ட இடைவெளி மூன்று நாள் என்பதால் ஒன்பது நாள் காத்திருந்தோம். பத்தாம் நாள் காலையில்தான் அண்ணன் கேபினட்டின் பக்கத் தகட்டைத் திருகி மூடினார்.